கைக்குள் ஒரு கேமரா



திருநெல்வேலி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் சில மாதங்களுக்கு முன் என் கைக்கு வந்தது. அதன் சாரம் இது: "என் மகள் பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். கைப்பேசியில் படம் எடுக்கவும், எடுத்ததைத் தொகுத்துச் சமூக வலைத்தளங்களில் வெளியிடவும் இணைய வழியில் கற்றுத்தரும் வகுப்பு ஒன்றில் சேர வேண்டும் என்கிறாள். கட்டணம் 18,000 ரூபாய். ரியாதில் வேலை பார்க்கும் அவளுடைய வாப்பா, 'பெண்பிள்ளை படம் எடுத்து என்ன செய்யப் போகிறாள்?' என்று கேட்கிறார். அவள் எடுக்க விரும்புவதோ என் மாமியாரின் பாய் நெசவை. மாமியாரோ கேமராவுக்கு முன்னால் உட்காரவே மாட்டேன் என்கிறார். நான் யார் பக்கம் பேசுவது?"

ஒரே வரியில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் முதலில் பேனாவை எடுத்தேன். ஆனால் முடியவில்லை. காரணம், இந்த வகுப்புகள் விஷயத்தில் நானே சூடுபட்ட பூனை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் பேரன் இதேபோன்றதொரு வகுப்பில் சேர ஆசைப்பட்டான். விளம்பரத்தைப் பார்த்து மயங்கி, 12,000 ரூபாயை நானே கட்டினேன். வந்து சேர்ந்தவை முன்னமே பதிவு செய்து வைத்திருந்த பாடங்கள். அவற்றில் பாதி, எந்தப் பாட்டு இந்த வாரம் பிரபலமாக ஓடுகிறது, அதைப் பின்னணியில் எப்படிச் சேர்ப்பது என்பது பற்றியவை. பேரன் எடுத்தனுப்பிய ஒரு படத்தைக் கூட ஆசிரியர் எனப்பட்டவர் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆனால் சான்றிதழ் மட்டும் தவறாமல் வந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, பொடி எழுத்தில் இருந்த ஒரு நிபந்தனையைச் சுட்டிக் காட்டினார்கள். அதைப் படிக்காமல் பணம் கட்டிய குற்றம் என்னுடையதுதான். ஆகையால் அந்தத் தாய்க்குப் பதில் எழுதுமுன், இந்தக் கலையை உண்மையில் கற்றவர்கள் எப்படிக் கற்றார்கள், எதைக் கொண்டு என்ன செய்தார்கள் என்று சற்றுத் தேடிப் பார்ப்பது என் கடமை என்று பட்டது.

முதலில் விளம்பரங்கள் அடிக்கடி சொல்லும் ஒரு சேதி. "பெரிய இயக்குநர்களே கைப்பேசியில் படம் எடுக்கிறார்கள், உங்களால் முடியாதா?" என்பார்கள். பாதி உண்மை. தென்கொரிய இயக்குநர் பார்க் சான் வூக் தம் சகோதரருடன் சேர்ந்து ஐஃபோன் 4 கொண்டு எடுத்த குறும்படம், 2011இல் பெர்லின் திரைப்பட விழாவில் குறும்படத்துக்கான தங்கக் கரடி விருதைப் பெற்றது. அமெரிக்க இயக்குநர் ஸ்டீவன் சோடர்பெர்க் 2018இல் வெளியிட்ட 'அன்சேன்' முழுவதும் கைப்பேசியில் எடுக்கப்பட்டது. டேனி பாயில் 2025இல் வெளியிட்ட '28 இயர்ஸ் லேட்டர்' படத்திலும் பெரும்பகுதிக்கு ஐஃபோன்தான். ஆனால் அந்தப் படத்தில் ஒரே சட்டத்தில் 20 கைப்பேசிகளைப் பொருத்திக் கூட எடுத்தார்கள் என்பதையும், அவற்றோடு தனி லென்ஸ்களும் விளக்குகளும் தேர்ந்த பெருங்குழுவும் இருந்தன என்பதையும் விளம்பரம் சொல்வதில்லை. கேமரா சிறியதாயிற்றே தவிர, அதன் பின்னால் நின்ற உழைப்பு சிறியதாகவில்லை.

எனக்கு வேறொரு படந்தான் பெரிதாகத் தோன்றுகிறது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

ஆப்கானிஸ்தானைச் சேர்ந்த ஹசன் ஃபாஸிலி ஒரு திரைப்பட இயக்குநர். அவருடைய துணைவியார் ஃபாத்திமா ஹுசைனியும் படம் எடுப்பவரே. இருவரும் காபூலில் கலைஞர்கள் கூடும் ஒரு தேநீரகத்தை நடத்தி வந்தார்கள். தலிபான் தளபதியாக இருந்த ஒருவரைப் பற்றி ஹசன் ஆவணப்படம் எடுத்தார். அது 2015இல் ஒளிபரப்பான பிறகு அந்த மனிதர் கொல்லப்பட்டார். ஹசனின் தலைக்கும் விலை வைக்கப்பட்டது. குடும்பம் தஜிகிஸ்தானுக்கு ஓடியது. அங்கே அடைக்கலம் மறுக்கப்பட்டது. பிறகு ஈரான், துருக்கி, பல்கேரியா, செர்பியா, ஹங்கேரி என்று தரைவழியே ஐரோப்பாவை நோக்கிய நெடும்பயணம். கூடவே நர்கிஸ், ஸஹ்ரா என்ற இரண்டு சின்னஞ்சிறு பெண்மக்கள்.

இந்தப் பயணம் முழுவதையும் அந்தக் குடும்பமே மூன்று கைப்பேசிகளில் படம் பிடித்தது. தகப்பனார் மட்டுமல்லர், தாயும் எடுத்தார், மூத்த மகளும் எடுத்தாள். சேர்ந்த பதிவுகளைத் தொலைவிலிருந்த தொகுப்பாளர் எமிலி மஹ்தாவியன் ஒரு படமாக உருவாக்கினார். 'மிட்நைட் டிராவலர்' என்ற அந்தப் படத்துக்கு 2019இல் அமெரிக்காவின் சன்டான்ஸ் விழாவில் சிறப்பு ஜூரி விருது கிடைத்தது. அந்த மூன்று கைப்பேசிகளும் எவர் வீட்டிலும் இருக்கக் கூடிய சாதாரணக் கைப்பேசிகள்தாம்.

அந்தப் படத்தில் ஓரிடம் உண்டு. வழியில் ஒரு முகாமில் தங்கியிருந்தபோது இளையவள் ஸஹ்ரா காணாமல் போய்விடுகிறாள். பெற்றோர் பதறித் தேடுகிறார்கள். அந்த நேரத்தில் ஹசனின் மனத்தின் ஒரு மூலை, "இது எத்தகைய காட்சியாக அமையும்! கேமராவை எடு" என்கிறது. மறுகணமே தம்மைத் தாமே வெறுத்ததாக அவர் கூறுகிறார். தம் கலையையே வெறுத்தாராம். குழந்தை பிறகு பத்திரமாகக் கிடைத்துவிட்டாள். தேடிய அந்தப் பொழுதை நாம் படத்தில் காண்பதில்லை. அவர் குரல் மட்டுமே அதைச் சொல்கிறது.

வாசகர்களே, எனக்குத் தெரிந்த எந்த வகுப்பின் பாடத்திட்டத்திலும் இந்தப் பாடம் இல்லை. எதை எடுப்பது என்று 40 மணி நேரம் சொல்லித் தருகிறார்கள். எதை எடுக்காமல் விடுவது என்று சொல்லித் தருவாரில்லை. அழும் குழந்தையை அணைக்குமுன் கைப்பேசியைத் தூக்குவதையும், மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் முதியவரைப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவதையும், நிக்காஹ் வீட்டில் பெண்கள் பக்கத்தில் யாரோ ஒரு பிள்ளை எடுத்த காட்சி மறுநாள் எங்கெங்கோ சுற்றுவதையும் நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்? இவற்றைச் செய்வோரெல்லாம் கெட்டவர்கள் அல்லர். கருவி கையில் இருக்கிறது. கேட்டுவிட்டு எடுக்க வேண்டும் என்ற பழக்கந்தான் இன்னும் கைக்கு வரவில்லை.

இனி, கற்கவேண்டியவை எவை என்பதற்கு வருகிறேன். நான் தொழில் தெரிந்தவன் அல்லன். என் பேரன் பிறகு தானாகவே கற்றுக்கொண்டவற்றை அருகிலிருந்து பார்த்தவன்; அவ்வளவே.

காட்சியை விட ஒலியே முதன்மை என்பதை அவன் மிகத் தாமதமாகத்தான் கண்டுகொண்டான். படம் சற்று மங்கலாக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். பேச்சு புரியாவிட்டால் பத்து நொடியில் எழுந்து போய்விடுவார். கைப்பேசியில் உள்ள ஒலிவாங்கி, பேசுபவரிடமிருந்து தள்ளிப் போகப் போக அறையின் எதிரொலியையும் மின்விசிறியின் இரைச்சலையுமே அதிகம் வாங்கும். சட்டையில் செருகும் சிறு மைக் வாங்க வசதியில்லையா? வீட்டிலுள்ள இன்னொரு கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓட விட்டுப் பேசுபவரின் மடியிலோ சட்டைப் பையிலோ வைத்துவிடலாம். தொடக்கத்தில் ஒருமுறை கையைத் தட்டினால், தொகுக்கும்போது அந்தத் தட்டலைக் கொண்டு ஒலியையும் படத்தையும் பொருத்திக்கொள்ளலாம். திரைப்படங்களில் பலகை அடிப்பதன் காரணமும் இதுவே. விசிறியை நிறுத்துவதற்கு எந்தச் செலவும் இல்லை. வியர்வைதான் செலவு.

வெளிச்சத்துக்கு ஜன்னல் போதும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி ஒருவரை உட்கார வைத்தால் முகம் இருண்டு போகும். ஜன்னல் பக்கவாட்டில் இருந்தால் முகமும் கைவேலையும் தெளிவாகத் தெரியும். திரையில் விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் குவியமும் ஒளியளவும் பூட்டிக்கொள்ளும். இல்லையென்றால் யாராவது குறுக்கே நடக்கும்போதெல்லாம் படம் பிரகாசமாகியும் மங்கியும் கண்ணைக் கெடுக்கும். இரவில் குழல்விளக்கின்கீழ் எடுத்த படத்தில் பட்டை பட்டையாக ஒளி ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று என்ற கணக்கில் வருவதே அதன் காரணம். நொடிக்கு 25 சட்டங்கள், ஒவ்வொரு சட்டத்துக்கும் நொடியின் 50இல் ஒரு பங்கு நேரம் என்று அமைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். கைப்பேசியோடு வரும் கேமராவில் இந்த வசதி இல்லையென்றால், பிளாக்மேஜிக் நிறுவனத்தின் கேமரா செயலியை இலவசமாகப் பெறலாம்; அது ஓடக்கூடிய கைப்பேசியா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சாதாரணத் தெளிவில் ஒரு நிமிடப் படத்துக்கு ஏறத்தாழ 60 முதல் 130 எம்.பி. வரை இடம் பிடிக்கும். 4கே தெளிவில் 170 முதல் 350 வரை போகும். குடும்பத்துப் பழைய படங்களையெல்லாம் அழித்துவிட்டு இடம் செய்துகொடுத்த ஒரு தகப்பனாரை நான் அறிவேன். அந்தத் தவற்றைச் செய்யாதீர்கள்.

தொகுப்பதற்கு டாவின்சி ரிசால்வ் என்ற கணினி மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதன் பயிற்சி நூல்களையும் அந்த நிறுவனமே விலையின்றித் தருகிறது. கதை சொல்லும் கலைக்கு, பிக்ஸார் நிறுவனமும் கான் அகாடமியும் இணைந்து நடத்தும் 'பிக்ஸார் இன் எ பாக்ஸ்' பாடங்கள் இருக்கின்றன, அவையும் இலவசமே. கான் அகாடமியை நிறுவிய சல்மான் கான், வங்காள தேசத்து வேர்கள் கொண்ட குடும்பத்தில் பிறந்தவர். வேறு ஊரிலிருந்த உறவுக்காரச் சிறுமிக்கு 2004இல் தொலைவிலிருந்தே கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதுதான் அந்தப் பெரிய நிலையத்தின் வித்து. யூடியூபில் முதன்முதலில் ஏறிய படமும் இப்படியொரு எளிய தொடக்கமே. அந்நிறுவனத்தைத் தோற்றுவித்த மூவரில் ஒருவரான ஜாவேத் கரீம், விலங்குக்காட்சிச் சாலையில் யானைகளுக்கு முன்னால் நின்று பேசிய 19 நொடிக் காட்சி அது. 2005 ஏப்ரல் 23இல் ஏற்றப்பட்டது. அவருடைய தந்தையாரும் வங்காள தேசத்தவரே.

இத்தனையும் இலவசமாகக் கிடைக்கும்போது 18,000 ரூபாய் எதற்கு என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். பேரன் சொன்ன பதில் இது: "பாடம் எல்லா இடத்திலும் இருக்கிறது. நான் எடுத்ததைப் பார்த்து, இந்த இடம் தப்பு என்று சொல்ல ஆள்தான் இல்லை." ஆகவே பணம் கொடுப்பதென்றால் அந்த ஒன்றுக்காகக் கொடுக்க வேண்டும். எத்தனை பயிற்சிப் படங்களை ஆசிரியர் பார்த்துத் திருத்துவார், அவர் தாமே எடுத்த படங்கள் எங்கே, ஒரு வகுப்பை முன்னதாகப் பார்க்கலாமா, பிடிக்காவிட்டால் பணம் திரும்புமா? இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். "மாதம் இத்தனை ஆயிரம் சம்பாதிக்கலாம்" என்று எவராவது சொன்னால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

ஏனெனில் சம்பாத்தியத்தின் கணக்கு ஒளிவுமறைவற்றது. யூடியூபில் விளம்பர வருவாயில் பங்கு பெற 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அத்துடன், முந்தைய 12 மாதங்களில் மக்கள் 4,000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும். அல்லது 90 நாட்களில் குறுங்காட்சிகளை 1 கோடி முறை பார்த்திருக்க வேண்டும். 4,000 மணி என்பது 2,40,000 நிமிடம். உங்கள் மகளின் ஐந்து நிமிடப் படத்தை ஒவ்வொருவரும் முழுமையாகப் பார்த்தாலும் 48,000 பேர் பார்த்தாக வேண்டும். முழுமையாகப் பார்ப்பவர் எத்தனை பேர் என்பதை உங்கள் கட்டைவிரலே அறியும். இத்தனையும் தாண்டிய பிறகு நீண்ட படங்களின் விளம்பர வருவாயில் 55 விழுக்காடு எடுத்தவருக்கு வரும். புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில் பெரியவர் ஒருவரும் பேரப்பிள்ளைகளும் சமைத்துக் காட்டிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021இல் 1 கோடிச் சந்தாதாரர்களை எட்டியது உண்மை. அது 2018இல் தொடங்கி விடாமல் செய்த வேலை. அதைக் காட்டி உங்கள் பிள்ளைக்கு அடுத்த ஆண்டே அந்நிலை வரும் என்பவர், உங்கள் பணத்தின்மீது கண் வைத்தவர்.

இன்னொன்று. யாரேனும் ஒரு கடைக்காரர் துணியோ அத்தரோ இலவசமாகக் கொடுத்து, அதைப் புகழ்ந்து படம் போடச் சொன்னால், அது விளம்பரம் என்று படத்திலேயே தெளிவாகச் சொல்லியாக வேண்டும். நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் அது. வாங்கிக்கொண்டு வாங்காததுபோல் பேசுவது வியாபாரத்தில் எப்படிப்பட்டது என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டாலே தெரியும்.

படம் எடுப்பதன் மார்க்க நிலை குறித்தும் அந்தத் தாய் ஒரு வரி கேட்டிருந்தார். அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உள்ள விஷயம் அது. தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. தம் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளும்படி எழுதினேன்.

இப்போது அந்தப் பாட்டியாரிடம் வருகிறேன். பத்தமடைப் பாயைப் பற்றி நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதில்லை. தாமிரபரணிக் கரையின் கோரையை அறுத்து, நீரில் ஊறவைத்து, காயவைத்து, நூல்போல் கிழித்து, பருத்திப் பாவில் நெய்யும் அந்தக் கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருபவர்களில் பெரும்பாலோர் நம் சமுதாயத்துப் பெண்களே. மணமக்கள் பெயரை நெசவிலேயே பொறித்துத் தரும் கைகள் அவை. அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால் கோரையை எந்த ஈரப்பதத்தில் கிழிக்க வேண்டும், கத்தியை எந்தச் சாய்வில் பிடிக்க வேண்டும் என்பதை எந்தக் குறியீடும் பாதுகாத்து வைக்காது. அது அந்த விரல்களில் இருக்கிறது. அந்த விரல்களுக்கு வயதாகிறது.

ஆகவே அந்தத் தாய்க்கு இப்படி எழுதினேன்: "சகோதரி, நீங்கள் யார் பக்கமும் பேச வேண்டாம். மாமியார் வேண்டாம் என்பது தம் முகத்தை. அந்த மறுப்பை மதியுங்கள். கெஞ்சிக் கரைக்க முயலாதீர்கள். கையை மட்டும் எடுக்கலாமா என்று கேளுங்கள். நெசவில் பேசுவது கைதானே! மகளை உடனே வகுப்பில் சேர்க்காதீர்கள். இலவசப் பாடங்களை இரண்டு மாதம் படிக்கட்டும். தறி அருகே ஜன்னல் ஒளியில், கைப்பேசியைச் செங்கல் அடுக்கில் அசையாமல் நிறுத்தி, அச்சு அடிக்கும் ஓசையோடு நான்கு நிமிடம் எடுக்கட்டும். எடுத்ததை முதலில் பாட்டியாருக்குக் காட்டட்டும். அவர் சம்மதித்தால், முகவரி தெரிந்தவர் மட்டும் பார்க்கும்படியாக ஏற்றி ரியாதுக்கு அனுப்புங்கள். வாப்பா பார்த்த பிறகு வகுப்பைப் பற்றிப் பேசலாம். எல்லாருக்கும் திறந்துவிடுவது அதற்கும் அடுத்த முடிவு. ஒருமுறை வெளியே போனதை யார் நகலெடுத்து வைத்திருக்கிறார் என்று பிறகு தேட முடியாது."

சென்ற வாரம் அவரிடமிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. கையை மட்டும் எடுப்பதற்குப் பாட்டியார் சம்மதித்துவிட்டாராம். நான்கு நிமிடம் நினைத்தது ஏழு நிமிடமாகிவிட்டதாம். முதல் தடவை ஒலி முழுவதும் பக்கத்து வீட்டுக் கோழிச் சத்தம். இரண்டாம் தடவை சரியாக வந்ததாம். ரியாதில் வாப்பா அதைத் தம் அறையில் தங்கியிருப்பவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டியிருக்கிறார். கட்டணத்தைப் பற்றி மட்டும் இன்னும் வாய் திறக்கவில்லை.

பாட்டியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் இரண்டு முறை பார்த்தாராம். பிறகு, "கோரை முறிந்து நான் ஒட்டுப் போட்டேனே, அந்த இடத்தை ஏன் வெட்டினாய்? அதைப் பார்க்காமல் ஒருத்தி எப்படிப் பாய் நெய்யக் கற்பாள்?" என்று பேத்தியைக் கேட்டிருக்கிறார். அந்த இடத்தை மட்டும் மறுபடியும் எடுப்பதற்காக, வருகிற சனிக்கிழமை காலை தறியில் உட்காருவதாக அவரே சொல்லியிருக்கிறாராம். வெயில் ஜன்னலுக்கு வரும் நேரத்தையும் அவரே குறித்துக் கொடுத்துவிட்டார்.